உப்புக் காற்றும் உருக்குச் சட்டமும்

மோட்டார் வண்டி என்றவுடன் எஞ்சினை நினைப்பவர் பலர். வண்ணத்தையும் வடிவத்தையும் நினைப்பவர் அவரினும் பலர். அடியிலே கிடந்து எஞ்சினையும் உடலையும் ஏறியிருப்போரையும் ஒருசேரச் சுமக்கும் சட்டத்தை நினைப்பவர் மிகச் சிலரே. வீட்டின் கடைக்காலைப் போல, அது உடையும் வரையில் யார் கண்ணிலும் படுவதில்லை. பழைய ஜீப்பு ஒன்றின் உடைந்த சட்டத்திற்கு வேண்டிய வலுவூட்டும் உறுப்புகளை எங்கே தேடுவது, கிடைக்காவிட்டால் எப்படிச் செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழில் 'சட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. படத்திற்கும் கதவிற்கும் வண்டிக்கும் உள்ளது ஒன்று. நீதிமன்றத்தில் வழங்குவது மற்றொன்று. பழைய வண்டியைப் பழுது பார்ப்பவன் இரண்டினோடும் மல்லாட வேண்டியிருக்கிறது. குழப்பம் நேராதிருக்கும் பொருட்டு, இரண்டாவதை 'விதி' என்றே சொல்லிச் செல்கிறேன். பட்டறையில் முதலாவதற்கு 'சேசிஸ்' என்று பெயர்.

எனக்கு ஊர் அந்தமான். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றிருக்கும் போர்ட் பிளேயரில் என் மாமாவிடம் ஒரு ஜீப்பு இருக்கிறது. 1968-இல் பதிவான மகிந்திரா சி.ஜே.3பி வண்டி அது. மூக்கு உயர்ந்த முகத்தைக் கண்டாலே பழையவர்கள் அடையாளம் சொல்லிவிடுவார்கள். உள்ளிழுக்கும் வால்வுகளைத் தலைமேல் கொண்ட, உயரமான எஞ்சினை அடக்குவதற்காகவே அதன் மூடி அவ்வாறு தூக்கிக் கட்டப்பட்டது. இந்தக் கோடை விடுமுறையில் அதன் சட்டத்தைச் செப்பனிடும் வேலையில் உடனிருந்தேன். பொறியியல் வகுப்பில் கரும்பலகையில் கண்ட வாய்பாடுகள் ஒரு வண்டியின் அடியில் வந்து நின்று பேசியதை அங்கேதான் கேட்டேன்.

முதலில் ஜீப்பின் குலமரபைச் சில வரிகளில் சொல்லிவிடுவோம். அமெரிக்கப் படைக்காக 1940-இல் பாண்டம் என்ற சிறு நிறுவனத்தில் உருப்பெற்ற வண்டி இது. பின்னர் வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் போர் முடியுமுன் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. 1940-களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு இங்கேயே செய்தது. போர்க்கால வண்டிக்கும் மாமாவின் வண்டிக்கும் அச்சுக்கு அச்சு இடைவெளி ஒன்றே, 80 அங்குலம். சட்டத்தின் அமைப்பும் ஒரே குடும்பந்தான்: நெடுக இரண்டு தண்டுகள், குறுக்கே ஏணிப்படி போலச் சில தண்டுகள். நெடுந்தண்டு முழு இரும்புக் கட்டை அன்று. தகட்டை மூன்று பக்கமாக மடித்த 'சானல்'. அதன் நிமிர்ந்த பக்கத்தை 'முதுகு' என்றும், மேலும் கீழும் மடிந்து நிற்கும் பக்கங்களை 'உதடுகள்' என்றும் இனிச் சொல்வோம்.

மாமாவின் வண்டியில் இரண்டு இடங்களில் நோய். வலப்பக்கத் தண்டில், ஸ்டியரிங் பெட்டி பூட்டியிருக்கும் இடத்தருகே ஒரு விரிசல். பின்புறத்தில் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் கொக்கிக்கு முன்னால் கீழ் உதடு துருவால் தின்னப்பட்டு, திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கும் நிலை. இரண்டாவது வண்டியைப் படுக்க வைக்கும். முதலாவது ஆளையே கொல்லும். ஸ்டியரிங் பெட்டி தண்டோடு அசைந்தால் ஓட்டுபவர் கையில் சக்கரம் திரும்பும். சாலையில் சக்கரம் திரும்பாது. மலைத்திருப்பத்தில் அது நேர்ந்தால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

விரிசல் இருந்த இடந்தான் கவனிக்கத் தக்கது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் அதே பகுதிக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். 5 மி.மீ. கனமுள்ள சதுரத் தகடு. நான்கு பக்கமும் தாராளமாகப் பற்றவைப்பு. ஒட்டு அப்படியே உறுதியாக இருந்தது. அது முடியும் கோட்டை ஒட்டி, அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் தண்டு கிழிந்திருந்தது!

"ஒட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒட்டுதான் வண்டியை உடைச்சிருக்கு" என்றார் எங்கள் மேஸ்திரி. அவர் பட்டறையில் தமிழ், இந்தி, வங்காளம், தெலுங்கு எல்லாம் ஒரே வாக்கியத்தில் நடமாடும். ஆனால் இரும்பைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சுத்தமான தமிழில் சொல்வார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு நூற்றெண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. 1842 மே 8-ஆம் நாள் பிரான்சில் வெர்சேல்ஸிலிருந்து பாரிஸ் திரும்பிய புகைவண்டியின் அச்சு ஒடிந்து, தீப்பற்றி, ஏராளமானோர் மாண்டனர். அக்காலத்தில் ஒடிந்த அச்சுகளை ஆராய்ந்த இராங்கின் என்ற ஸ்காட்லாந்து அறிஞர், பருத்த பகுதி சட்டென்று மெலியும் தோள்பட்டையில்தான் அச்சு ஒடிகிறது என்பதைக் கண்டார். அங்கே கூரிய மூலை இல்லாமல் வளைவு கொடுத்துத் திருப்புங்கள் என்றார். பின்னர் செருமனியில் வோலர் என்பவர், ஒரே தடவையில் ஒடிக்க முடியாத சிறு சுமைகூட இலட்சக் கணக்கான முறை மாறி மாறி விழுந்தால் உருக்கை ஒடித்துவிடும் என்பதை ஆண்டுக் கணக்கில் சோதித்து நிறுவினார். உருக்குக்கும் களைப்பு உண்டு. அந்தக் களைப்பு, வடிவம் திடீரென்று மாறும் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெலிந்த தண்டின்மேல் 5 மி.மீ. சதுரத் தகட்டை ஒட்டியவர் ஒரு புதிய தோள்பட்டையைச் செய்துவிட்டார்.

ஆகவே வலுவூட்டும் உறுப்பைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு கனம்?' என்பதன்று, 'எப்படி முடிகிறது?' என்பதே.

கணக்கில் ஈடுபாடுள்ள நண்பர்கள் சற்றுத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர் இரண்டு பத்திகளைத் தாண்டிச் செல்லலாம். முதுகு 100 மி.மீ., உதடு 50 மி.மீ., கனம் 3 மி.மீ. உள்ள ஒரு சானலை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து சுமை அழுத்தும்போது, வளையாமல் தாங்கும் வேலையில் பெரும்பங்கை உதடுகளே செய்கின்றன. முதுகின் நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. மேல் உதடு நெருக்கப்படும்போது கீழ் உதடு இழுபடும். இரண்டுக்கும் இடையில் நெருக்கமும் இழுப்பும் இல்லாத ஒரு நடுக்கோடு முதுகிலே ஓடுகிறது. இதனால்தான் வண்டி செய்தவர்கள் ஓட்டைகளை முதுகில் போடுகிறார்கள். உதட்டை இயன்றவரை தொடுவதில்லை. இந்த நடுக்கோட்டை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

அடுத்தது முறுக்கம். ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறும்போது சட்டம் துணி பிழிவதுபோல் முறுக்கப்படும். திறந்த சானலின் முறுக்க உறுதி, பக்கங்களின் நீளத்தைக் கனத்தின் மும்மடியால் பெருக்கி மூன்றால் வகுத்தால் வருவது. திறந்த பக்கத்தையும் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்கினால் வாய்பாடே மாறிவிடும். மேற்சொன்ன அளவுகளுக்குப் போட்டுப் பார்த்தேன். வளைவைத் தாங்கும் உறுதி கால் பங்கு அளவே கூடுகிறது. முறுக்கத்தைத் தாங்கும் உறுதியோ 450 மடங்குக்கும் மேல் பெருகுகிறது! வண்டியில் குறுக்குத் தண்டுகள் சானலை ஓரளவு பிடித்திருப்பதால் உண்மை வேறுபாடு இதனினும் குறையும்; ஆயினும் பெரிது. இனி, துருவால் 3 மி.மீ. தகடு 2 மி.மீ. ஆனால் என்ன நிகழ்கிறது? வளைவுறுதி மூன்றில் இரண்டு பங்காகிறது. முறுக்க உறுதி மும்மடிக் கணக்கால் 27-இல் 8 பங்காக, அதாவது மூன்றில் ஒன்றுக்கும் கீழே விழுகிறது.

இதைக் கேட்டவுடன் 'அப்படியானால் முழுத் தண்டையும் பெட்டியாக்கிவிட்டால் என்ன?' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது; பலர் செய்தும் இருக்கிறார்கள். ஜீப்பின் சட்டம் நெளிந்து கொடுக்கும்படி அமைக்கப்பட்டது. அதில் ஒரு பாகத்தை நெளியாமல் செய்தால், நெளிவு முழுவதும் பக்கத்திலுள்ள நெளியும் பாகத்தின் தலையில் விழும். விரிசல் இடம் மாறுமேயன்றி ஒழியாது. பாலை நிலத்தில் பந்தயம் ஓட்டுவோர் சட்டம் முழுவதையும் புதிதாக அமைத்து அப்படிச் செய்யலாம். அவர்கள் கணக்கு வேறு. எங்கள் தீவில் பெட்டியை மறுக்க மற்றொரு காரணமும் இருக்கிறது. அதுதான் உப்பு.

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவம் மே மாதத்தில் வந்தால், வடகிழக்குப் பருவம் ஆண்டின் இறுதிவரை இழுத்துச் செல்லும். கடலுக்கு வெகுதூரம் என்று சொல்லத்தக்க ஊர் எங்களுக்கு இல்லை. நெடுஞ்சாலையில் வடக்கே போகும் வண்டிகள் மிடில் ஸ்ட்ரெயிட்டில் படகில் ஏறிக் கடற்காலைக் கடந்தவை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் போர்ட் பிளேயர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் வயல்களுக்குள் கடல் புகுந்தது; அங்கே சாலையில் ஓத நீர் ஏறிய நாட்களில் வண்டிகள் உப்பு நீரைக் கிழித்துக்கொண்டுதான் போயின. மாமாவின் ஜீப்பும் அவற்றில் ஒன்று.

மழையால் மட்டும் இத்தனை கேடு வராது. வீட்டில் கல்லுப்பு ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். மழைக் காலத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே அது கசிந்து நிற்கும். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தை எட்டினால்தான் நீரை இழுக்கும். ஆனால் கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது முப்பத்து மூன்று விழுக்காட்டிலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். தீவுக் காற்றில் ஈரப்பதம் அவ்வளவு இறங்கும் நாளே இல்லை எனலாம். ஆகவே ஒருமுறை உப்புப் படிந்த தகடு, வெயில் காய்ந்தாலும் உள்ளூர நனைந்தே இருக்கிறது. மதுரையில் காய்ந்துவிடும் வண்டி இங்கே காய்வதில்லை.

இரண்டு தகடுகள் ஒட்டிக் கிடக்கும் இடுக்கில் நிலைமை இன்னும் மோசம். இடுக்கின் உள்ளே பிராணவாயு தீர்ந்துபோகிறது, வெளியே தீர்வதில்லை. இந்த வேற்றுமையே ஒரு சிறு மின்கலத்தை உண்டாக்கி, உட்பக்க இரும்பைக் கரைக்கிறது. குளோரைடு உள்ளே சேரச் சேரக் கரைவு விரைகிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் தகடுகளை நெம்பிப் பிரிக்கிறது; பிரிந்த இடத்தில் மேலும் நீர் நுழைகிறது. பழைய ஒட்டை நாங்கள் அறுத்து எடுத்தபோது உள்ளேயிருந்து துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. வலுவூட்ட வந்த தகடே துருவுக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தது.

இப்போது சிக்கல் தெளிவாகிறது. களைப்பைப் பற்றிய நூல்கள், 'தண்டுக்குக் குறுக்கே பற்றவைக்காதே. ஒட்டின் முனையைத் திறந்துவிடு' என்கின்றன. உப்போ, 'ஒரு மயிரிழை இடுக்கும் விடாதே. சுற்றி அடை' என்கிறது. தாய்நிலத்தில் முதல் அறிவுரையை மட்டும் கேட்டுத் தப்பிக்கலாம். தீவிலே இரண்டையும் ஒருங்கே கேட்டாக வேண்டும்.

இதற்கு விடை தோணி வடிவத்தில் இருந்தது. முதுகின் உட்பக்கத்தில் வைக்கும் தகட்டைச் சதுரமாக வெட்டாமல், இரு முனையும் கூம்பிய தோணியாக வெட்ட வேண்டும். அகலம் முதுகைவிடக் குறைவாக இருந்தால், ஓரங்கள் உதட்டைத் தீண்டா. கூம்பிய முனை, முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த நடுக்கோட்டின்மேல் வந்து முடியும். அங்கே வளைவின் இழுப்பு மிகக் குறைவாதலால் முனையைச் சுற்றிப் பற்றவைத்தாலும் தண்டுக்கு அதிக ஊறு இல்லை. சாய்ந்த ஓரம் நெடுகிலும் சுமை சிறிது சிறிதாகத் தண்டிலிருந்து தகட்டுக்கு ஏறி, சிறிது சிறிதாக இறங்கும். சுற்றளவு முழுவதும் அடைபட்டுவிடுவதால் இடுக்கும் இல்லை. தண்டின் கனத்தோடு ஒத்த 3 மி.மீ. தகடே போதும். ஸ்டியரிங் பெட்டிக்கு இது பொருந்தும்.

பின்புறத்துக்கு இது பொருந்தாது. அங்கே போனது உதடு. முதுகில் தோணி ஒட்டி உதட்டை மீட்க முடியாது. அழுகிய துண்டை அறுத்தெறிந்து, அதே அளவில் புதிய சானல் துண்டைச் செய்து இடையில் பொருத்த வேண்டும். அறுக்கும் கோட்டை நேராக இறக்காமல் முதுகில் சாய்வாக இறக்கினால், மேல் உதட்டின் இணைப்பும் கீழ் உதட்டின் இணைப்பும் ஒரே குறுக்குவெட்டில் விழா. வேட்டிக்கு ஒட்டுப் போடுவது ஒன்று, துணியையே மாற்றி நெய்வது மற்றொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பொருளை எங்கே பெறுவது? முழுச் சட்டமே வேண்டுமானால் வழி இல்லாமலில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் எம்.டி. ஜுவான் என்ற நிறுவனம் போர்க்கால ஜீப்புகளுக்குச் சட்டமும் உடலும் செய்கிறது. அரியானாவின் மண்டி டப்வாலி ஜீப்புக் கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் பிரித்தெடுத்த வண்டியின் எந்த உறுப்பும் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. புதிய உறுப்புகளுக்கு ஜி.பி. சாலை. ஆனால் ஏறக்குறையப் பத்தடி நீளச் சட்டத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டும். சென்னையிலிருந்து தீவுக்குக் கடல்வழி மூன்று நாட்கள். அதற்கு முன் சரக்கு ஏறும் முறை வரவேண்டும். அதைவிடப் பெரிய தடை, சட்டத்தில் பொறித்த எண். பதிவுப் புத்தகத்தில் உள்ள எண் அந்தப் பழைய இரும்பில் இருக்கிறது. முழுச் சட்டத்தை மாற்றினால் வண்டியின் அடையாளமே மாறிப்போகும். இரண்டு நெடுந்தண்டும் அழுகியவர்களுக்கு வேறு வழியில்லை; மாமாவுக்கு அந்த நிலை வரவில்லை.

உள்ளூரில் கைக்கு எட்டியவற்றில் மூன்றை மேஸ்திரி தள்ளினார். முதலாவது, காயலான் கடையில் கிடைக்கும் பழைய ஸ்பிரிங் பட்டை. 'இதைவிடக் கெட்டி எது?' என்று பல பட்டறைகளில் இதைத்தான் சட்டத்தில் ஒட்டுகிறார்கள். அது கரி மிகுந்த உருக்கு. பற்றவைத்துக் குளிர்ந்ததும் ஓரம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடையும். அரம் போட்டுப் பார்த்தால் பற்றாமல் வழுக்குவதைக் கொண்டு இதை இனங்காணலாம். இரண்டாவது, லாரிச் சட்டத்தின் வெட்டுத் துண்டு. கனமும் மிகுதி, பதம் ஏற்றிய உருக்காக இருந்தால் பற்றவைப்பின் சூட்டில் அந்தப் பதமும் கெடும். மூன்றாவது, கட்டடத்துக்கு வரும் உருட்டிய சானல். 100 மி.மீ. அளவுள்ளது மீட்டருக்கு 9 கிலோவுக்கு மேல் எடை. நமக்கு வேண்டியது நாலரைக் கிலோ. அதன் உதடுகளின் உட்பக்கம் சாய்வாக இருப்பதால் மடித்த தகட்டுச் சானலோடு பொருந்துவதும் இல்லை. கப்பல் பழுது பார்க்கும் ஊர் ஆகையால் கப்பல் தகடு கிடைக்காதா என்று நான் கேட்டேன். பெரும்பாலும் 6 மி.மீ.-க்குக் குறையாது என்றார்.

எஞ்சியது சாதாரண மென் உருக்குத் தகடு. இந்தியத் தர நிர்ணயத்தில் 2062 என்ற எண்ணுக்கு உட்பட்ட 250 தரம் போதும். பட்டறையில் மி.மீ. சொல்லிக் கேட்டால் விழிப்பார்கள். 'கேஜ்' என்று கேட்க வேண்டும். 10 கேஜ் என்றால் 3.25 மி.மீ., 11 கேஜ் என்றால் 2.95 மி.மீ. எண் ஏற ஏறக் கனம் குறையும். துத்தநாகம் பூசிய தகட்டை இதற்கு வாங்கக் கூடாது. பற்றவைக்கும்போது எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும்.

அளவெடுப்பதில் இரண்டு முழு நாட்கள் போயின. வீண் என்று அப்போது தோன்றியது, இப்போது தோன்றவில்லை. வண்டியைச் சமதரையில் நான்கு முட்டுகளின்மேல் நிறுத்தி, சட்டத்தின் குறிப்பிட்ட ஓட்டைகளிலிருந்து தூக்குக் குண்டு தொங்கவிட்டு, தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தோம். எதிரெதிர் மூலைகளுக்குக் கோடு இழுத்து நீளம் ஒப்பிட்டால் சட்டம் கோணியிருப்பது தெரிந்துவிடும். கோணிய சட்டத்தில் பற்றவைத்தால் கோணலைத்தான் நிலைப்படுத்துவோம். அதன்பின் சுத்தியால் தட்டி ஒலி கேட்டோம். நல்ல தகடு கணீரென்னும், அழுகியது தொப்பென்னும். நல்ல இரும்பு தொடங்கும் எல்லையைக் குறித்து, அதற்கு அப்பால் நான்கு விரல் தள்ளி அறுப்புக் கோடு போட்டோம். பிறகு பழைய நாட்காட்டி அட்டையில் இரு உறுப்புகளுக்கும் மாதிரி வெட்டி, தண்டில் வைத்துப் பார்த்தோம்.

சானல் துண்டுக்குத் தகடு வெட்டும்போது ஒரு கணக்கு. உதடு 50, முதுகு 100, உதடு 50. ஆகக் கூட்டினால் 200. இந்த அகலத்தில் வெட்டினால் துண்டு பெரிதாகிவிடும். மடிக்கும் மூலையில் தகடு கூராகத் திரும்பாமல் வளைந்து குறுக்கு வழியில் போவதால், ஒவ்வொரு மடிப்புக்கும் ஐந்தரை மி.மீ. அளவு கழிக்க வேண்டும். உள்வளைவு 3 மி.மீ. என்றால் தகட்டின் அகலம் 189 மி.மீ. அளவே. உள்வளைவு கனத்தைவிடக் குறைந்தால் மடிப்பின் வெளிப்பக்கம் வெடிக்கும். இந்தக் கணக்கை நான் தாளில் போட்டேன். மேஸ்திரி ஒரு துண்டுத் தகட்டை மடித்துப் பார்த்து அதே எண்ணுக்கு வந்தார். அவர் முறையே விரைவில் முடிந்தது!

பற்றவைக்கும் முன் செய்தவற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜீப்பில் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால் அதைக் கழற்றி வெளியே வைத்தாக வேண்டும். பாட்டரி இணைப்பையும் நீக்க வேண்டும். துருவைச் சுரண்டியபின் தகடு வெள்ளையாகத் தெரிந்தாலும் குழிகளில் உப்பு இருக்கும். மழைநீரால் பலமுறை கழுவித் துடைத்து, ஓர் இரவு விட்டோம். காலையில் செம்புள்ளி தோன்றினால் உப்பு இன்னும் போகவில்லை என்று பொருள். இங்கே நம் வேதியியல் செய்முறை வகுப்பு கைகொடுத்தது. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் தகட்டைத் துடைத்து, பிழிந்த நீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட்டு விட்டால், குளோரைடு இருப்பின் பால்போல் வெளுக்கும். மூன்றாவது கழுவலுக்குப் பிறகே தெளிந்தது. குழாய் நீரிலேயே குளோரைடு இருக்கலாமாதலால் அதனால் இச்சோதனை செய்யலாகாது.

விரிசலின் இரு நுனியிலும் சிறு ஓட்டை துளைத்து அது மேலும் ஓடாமல் தடுத்தோம். பின் விரிசல் நெடுகக் கீறி அகலப்படுத்தி, அடிவரை நிரப்பிப் பற்றவைத்து, சமமாகத் தேய்த்தோம். அதன்மேல்தான் தோணித் தகடு. பற்றுக்கோல்கள் தீவின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அடுப்பில் உலர்த்தாமல் தொட்டால் பற்றவைப்பில் குமிழும் விரிசலும் வரும். ஒரே மூச்சில் சுற்றி வராமல், எதிரெதிர்ப் பக்கமாக இரண்டங்குலம் இரண்டங்குலமாக வைத்தார் மேஸ்திரி. ஒரு பக்கமே சூடேறினால் தண்டு வில்லாக வளையும். தோணியின் மூக்கில் பற்றவைப்பைத் தொடங்கவுமில்லை, முடிக்கவுமில்லை. மூக்கைச் சுற்றி நில்லாமல் ஓடி, பக்கத்தில்தான் நிறுத்தினார். பின்புறத் துண்டில் கீழ் உதட்டின் தாழ்ந்த இடத்தில் நீர் வடிய ஓர் ஓட்டை இருந்தது. பழையதில் இருந்த அதே இடத்தில் புதியதிலும் வைத்தோம்.

இனி, விதி. இங்கிலாந்துக் கழகத்தார் 1919 முதல் 1930 வரை செய்த கார்களையே 'விண்டேஜ்' என்பர். நம் நாட்டில் 2021-இல் மைய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த இருசக்கர வண்டியும் காரும் அப்பெயர் பெறலாம். ஆனால் அது மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்த பெரும் புதுப்பிப்பு நடந்திருக்கக் கூடாது. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டவும் கூடாது. மாமாவுக்கு வண்டி சந்தைக்குப் போக வேண்டும். அவர் அப்பதிவை நாடவில்லை. ஆயினும் பின்னொரு நாள் அவர் மகன் நாடலாம் அல்லவா? தண்டு முழுவதையும் பெட்டியாக்கியிருந்தால் அது மாற்றம். அதே கனத்தில், அதே அளவில் போன துண்டை மீட்டது பழுது பார்த்தல். இது என் கருத்து. பதிவு அதிகாரி எப்படிக் கொள்வார் என்பது அவர் பொறுப்பு. எப்படியாயினும் பொறித்த எண்ணின் அருகில் அறமோ தீயோ படாமல் பார்த்துக்கொண்டோம். செய்யுமுன்னும் பின்னும் நிழற்படம் எடுத்து, புதிய துண்டில் ஆண்டைச் சிறிய எழுத்தில் பொறித்தும் வைத்தோம்.

வண்ணத்துக்கு முன் துத்தநாகம் மிகுந்த அடிப்பூச்சு. தண்டின் உட்புறத்துக்கு மெழுகுக் குழம்பு. கழிவு எஞ்சின் எண்ணெயைப் பூசுவது தீவில் வழக்கந்தான். ஒன்றுமில்லாததற்கு அது மேல். மழையில் கழுவுண்டு மண்ணிலும் கடலிலும் போய்ச் சேரும் என்பதால் எனக்கு அதில் மனமில்லை. ஸ்டியரிங் பகுதிக்கு மட்டும் இளம் சாம்பல் நிறம் பூசச் சொன்னேன். விரிசல் மீண்டும் பிறந்தால் வெளிர் நிறத்தில் துருக்கோடு உடனே தெரியும், கறுப்பில் தெரியாது.

பெரார்குஞ்சு என்று 500 கிலோ மீட்டர் ஓட்டியபின், வண்டியைத் தூக்கி, கழுவி, விளக்கடித்துத் தோணியின் இரு மூக்கையும் பார்த்தோம். வண்ணத்தில் கீறல் இல்லை. போல்ட்டுகளில் ஒன்று கால் திருப்பு இளகியிருந்தது, முடுக்கினோம். அடுத்த சோதனை பருவமழை முடிந்து, டிசம்பரில்.